கறிவேப்பிலை மூட்டில் முளைத்த சேம்பு

மாமனார் வருகிறார் என்றால் மற்ற மருமகள்மாருக்குக் குழம்பைப் பற்றிக் கவலை. ரீபாவுக்கு ஒரு தொட்டியைப் பற்றிக் கவலை.

பாளையங்கோட்டை வீட்டின் முன்னறை ஜன்னலோரம் நின்ற அந்தச் செடி மாமியார் தேவமணி வைத்தது. வெள்ளை இலையில் பச்சை நரம்பு ஓடும். பெயர் யாருக்கும் தெரியாது; 'அம்மா செடி' என்பார்கள். தேவமணி இறந்த பிறகு மாமனார் பாக்கியசீலன் வேறு யாரையும் அதற்குத் தண்ணீர் ஊற்ற விட்டதில்லை. கார்த்திகையில் முழங்கால் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூர் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான், "பாத்துக்கம்மா" என்று ரீபாவிடம் விட்டுப் போனார்.

அவள் பார்த்த பார்வைதான் வினை. மார்கழியில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தாகம் என்று நினைத்து, அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றினாள். கிறிஸ்மஸ் வருவதற்குள் ஓர் இலைகூட மிச்சமில்லை. பட்டுவிட்டது என்று மண்ணைப் பின்புறம் கறிவேப்பிலை மரத்தடியில், அதன் மூட்டில் கொட்டிவிட்டு ஒரு பாட்டம் அழுதாள்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் மாமனாரின் போன் வரும்.

"செடி எப்படிம்மா இருக்கு?"

"தளதளன்னு நிக்கி மாமா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? கோவிலில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவள் குரல் மட்டும் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

சித்திரையில் அவர் வரும் நாள் தெரிந்ததும், செடியின் பழைய போட்டோவோடு நர்சரிக்குப் போனாள். "கலேடியம்" என்று கடைக்காரர் ஒரு செடியை எடுத்துக் கொடுத்தார். அதே வெள்ளை, அதே நரம்பு. பழைய தொட்டியிலேயே நட்டாள். மாமனார் சுகமாகத் திரும்பும் அன்றே அதற்கு நன்றியாக வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். போதகரும் சபையாரும் வருவார்கள். அதனால் முந்தின நாள் பின்புறத்தையும் மண்வெட்டியால் செதுக்கிச் சுத்தம் பண்ணினாள். கோடை மழைக்குக் கண்டதெல்லாம் முளைத்துக் கிடந்தது.

ஜெபம் முடிந்து, கூட்டம் காபி குடித்துக் கலைந்தது. பாக்கியசீலன் கம்பை ஊன்றித் தொட்டிப் பக்கம் போனார். இலையைத் தடவினார்.

"எழும்பிட்டாளே!" என்றவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ரீபா, நீ போன்ல சொன்னது பொய்யினு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் கையிலிருந்த காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"மார்கழில இது எப்படிம்மா தளதளன்னு நிக்கும்? இலையெல்லாம் உதுந்து, கிழங்கு மண்ணுக்குள்ள உறங்கிரும். தண்ணி ஊத்தப்பிடாது. மழைக்குத் தானா எழும்பும். உங்க அத்தையும் மொத வருசம் பட்டுப்போச்சுன்னு அழுதவதான். சொல்லாமப் போனது எம்பிழை. ஆனாலும் வெறும் மண்ணுன்னு தூக்கிப் போடாம வச்சிருந்தியே, அது போதும்மா."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். தலையாட்டினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் கண் கலங்க அந்தக் கடைச் செடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"மாமா, அது அத்தை செடி இல்ல. கடையில வாங்குனது. அந்த மண்ணை நான் கொட்டிட்டேன்."

அவர் கை இலையிலிருந்து விலகியது.

"எங்கன கொட்டுன?"

"கறிவேப்பிலை மூட்டுல."

"அப்போ அங்கன முளைச்சிருக்குமே! குருத்து பச்சையாத்தான் வரும், சேம்பு கணக்கா. வெள்ளை அப்புறந்தான் பைய ஏறும்."

ரீபா வாயைப் பொத்திக்கொண்டாள். "சேம்புன்னு நினைச்சு நேத்து எல்லாத்தையும் பிடுங்கிட்டேன் மாமா."

மதிலோரம் குப்பைக் குவியல் கிடந்தது. அவரால் குனிய முடியாது, கம்பால் கிளறினார். அவள் மண்டியிட்டுத் தேடினாள். மண்வெட்டியில் சிதைந்ததே அதிகம். வாடிய ஒரு குருத்தின் அடியில் மட்டும் நெல்லிக்காய் அளவில் ஒரு கிழங்கு முழுசாக இருந்தது.

பாக்கியசீலன் அதை வாங்கி நகத்தால் பையக் கீறிப் பார்த்தார். உள்ளே ஈரம் இருந்தது. திரும்ப அவள் கையிலேயே வைத்தார்.

"நீயே நடு."

ரீபா கறிவேப்பிலை மூட்டிலேயே விரலால் மெல்லக் குழி தோண்டினாள். நேற்று அதே இடத்தில்தான் மண்வெட்டியை ஓங்கினாள்.