சீமாட்டியும் ஜாஹித் கொடுத்த அத்தரும்

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு கேப்பாங்க. கழுதைய விடுங்க, ஆட்டுக்குத் தெரியும். நல்லாவே தெரியும். தெரியாத ஒரே ஆளு எங்க வீட்டுக்காரரு வைரக்கண்ணுதான்.

பதினஞ்சு வருசம் கத்தார்ல இருந்துட்டு ஐப்பசியில வந்தாரு. வந்த நாள்லேருந்து மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கொல்லைப் பக்கம் வருவாரு. கொல்லையில மூணு செம்மறி, மூணும் சினை, எல்லாம் நானா வளத்தது. "இந்த நாத்தத்துல மனுசன் குடியிருப்பானா அம்சம்? அதிராம்பட்டினம் ஏஜென்ட் விசா ரெடிங்குறாரு. நான் கிளம்புறேன்"னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்த மனுசன் அங்க இருந்தப்ப எங்க பொண்ணு செம்மொழி பெரிய மனுஷியானா, காலேஜ் முடிச்சா, திருச்சியில வேலைக்கும் போயிட்டா. எல்லாத்தையும் போன்லயே பாத்தாரு. மிச்சக் குடும்பத்தையும் போன்லயே நடத்தணுமா?

நாலு நாள் சண்டை. கடைசியில அவரே ஒரு பேச்சுக்கு வந்தாரு. "மாசியில மூணும் குட்டி போடும்ல? ஒரு குட்டியாவது பொழைச்சு, தாய்ப்பால் குடிச்சு நிக்கட்டும், நான் இங்கேயே இருக்கேன். இல்லேன்னா ஆட்டை வித்துட்டு என்னை அனுப்பிடு." மூணுல ஒண்ணுகூடவா நிக்காதுன்னு நானும் தலையாட்டிட்டேன்.

மொத ஆட்டுக்கு நாலாம் மாசமே கலைஞ்சு போச்சு. ரெண்டாவதுக்குக் குட்டி தலையைக் காட்டாம பின்னங்காலைக் காட்டிக்கிட்டு வந்துச்சு. நான் கையில எண்ணெய் தடவி இழுத்து எடுக்குறதுக்குள்ள மூச்சு அடங்கிடுச்சு. அன்னைக்கு முழுக்க நான் சோறு திங்கல. அவரு பெட்டியைத் தொடைச்சு வச்சாரு.

மிச்சம் இருந்தது சீமாட்டி. தலையீத்து, மொதப் பிரசவம். கழனித் தண்ணியில ஒரு தும்பு கெடந்தாக்கூட வாய் வைக்காது, அதனாலதான் அந்தப் பேரு. வெள்ளிக்கிழமை காலையில அது குட்டி போட்டுச்சு. பொட்டைக்குட்டி. மூக்குல இருந்த சளியை வழிச்சு விட்டேன், "மே"ன்னுச்சு. சீமாட்டியும் ஒழுங்கா நக்கிக் கொடுத்துச்சு. அப்பாடான்னு கஞ்சி காய்ச்ச உள்ள போனேன். அரை மணி நேரம்தான்.

திரும்பி வந்தா, கொட்டாயில குட்டி பளபளன்னு நிக்குது. கொட்டாயே கம்முனு மணக்குது. சீமாட்டி அதை முட்டித் தள்ளுது.

"என்னங்க பண்ணினீங்க?"

"செம்மொழிக்கு வீடியோ கால்ல காட்டலாம்னு வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போனேன். ஒரே கொழகொழப்பு. அதான் வெந்நீர்ல சோப்புப் போட்டு…"

"சோப்பா?"

"அப்புறம் ஜாஹித் கொடுத்த அத்தரை ரெண்டு சொட்டு தடவினேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையா."

ஜாஹித் அதிராம்பட்டினத்துப் பையன், கத்தார்ல இவரோட ஒரே ரூம். வெள்ளிக்கிழமையானா குளிச்சு அத்தர் பூசுற பழக்கம் அவங்கிட்டேருந்து இவருக்கு ஒட்டிக்கிச்சு. இவரு பூசட்டும், யாரு வேணாம்னா? பொறந்து அரை மணி நேரமான ஆட்டுக்குட்டிக்குப் பூசுவாங்களா? தாய் மோந்து பாத்துத்தான் தன் குட்டின்னு கண்டுபிடிக்கும். இது கடையில வாங்கின குட்டி மாதிரி மணந்தா அது என்ன பண்ணும், பாவம்?

நஞ்சுக்கொடியை எடுத்துக் குட்டி மேல தேச்சா வாசனை திரும்பும். "அதெங்கே?"ன்னேன். இடத்தைச் சுத்தம் பண்ணுறேன்னு அதையும் வாய்க்கால்ல விட்டிருக்காரு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாப் போச்சு. அந்த வார்த்தையைச் சொல்லல, வேற வார்த்தைங்க சொன்னேன். அதை இங்க எழுத முடியாது.

குட்டி முதுகுல உப்பைத் தூவினேன். சீமாட்டி உப்பை மட்டும் நக்கிட்டு மறுபடி முட்டிச்சு. தவிட்டைக் காட்டி ஏமாத்தினேன், தவிட்டைத் தின்னுட்டு உதைச்சுச்சு. காம்பு அடைப்பைப் பிதுக்கி எடுத்து, சீம்பாலைக் கிண்ணத்துல கறந்து ஊட்டி விட்டேன். கால் கிண்ணம்தான் வந்துச்சு. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டா, "இன்னைக்குள்ள சேத்துக்கலேன்னா அப்புறம் சேத்துக்காதும்மா"ன்னு அவரும் கைய விரிச்சிட்டாரு.

மத்தியானம் ஆச்சு. குட்டி தொவண்டு படுத்துடுச்சு. அவரு ஓரமா உக்காந்துக்கிட்டு, "சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவிப் பாக்கவா?"ன்னாரு. அந்தக் கோவத்துலதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

"அந்த அத்தரை எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"குட்டி வாசனையை மாத்த முடியாது. தாயோட மூக்கை மாத்தலாம்ல."

"அம்சம், அது நல்ல அத்தர்…"

நான் பாத்த பார்வையில எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வந்தாரு. சீமாட்டி மூக்கு, வாயி, மடி, குட்டி வாலு, எல்லாத்துலயும் தேச்சேன். சீமாட்டி அஞ்சாறு தும்மல் போட்டுச்சு. குட்டியை மோந்துச்சு, தன் மடியை மோந்துச்சு. ஒலகமே ஒரே வாசனையாயிட்டா எதைத் தள்ளும்? தொண்டைக்குள்ளேயே "ம்ம்ம்"னு ஒரு கொரல் கொடுத்துச்சு. பெத்த குட்டிக்குன்னே வச்சிருக்குற கொரல் அது. குட்டி தள்ளாடி எந்திரிச்சு மடியில முட்டி வாலை ஆட்டுச்சு. நான் அழுதேன். அவருக்கும் கண்ணு கலங்குச்சு, அத்தருக்காகவோ என்னவோ.

மறுநாள் காலையில வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிறாரு. "பேச்சு பேச்சுதான், நான் போகல. ஏஜென்ட்டை நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்."

சட்டைப் பையைப் பாத்தேன். பாஸ்போர்ட். வரலைன்னு சொல்றதுக்கு எவனாவது பாஸ்போர்ட் எடுத்துட்டுப் போவானா?

"வேட்டியில பின்னாடி தூசி இருக்குங்க"ன்னு நல்லாத் தட்டி விட்டேன். அவரு தெரு திரும்புறதுக்குள்ள கொட்டாயிலயும் ஒரு சின்ன வேலை இருந்துச்சு. அப்புறம் குட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு மெதுவா நடந்தேன்.

பஸ் ஸ்டாப்புல நல்ல கூட்டம். பஸ் வந்து நின்னுச்சு. இவரு படியில காலை வைக்கிறாரு, பின்னாடியே "ம்ம்ம்"னு சீமாட்டி. வேட்டியில மூஞ்சியைப் பொதைச்சு மோந்துச்சு. நம்ம புள்ளைதான்னு ஆயிடுச்சு. திரும்பிப் பக்கவாட்டுல நின்னு, காலை அகட்டி மடியைக் காட்டுச்சு.

டீக்கடை துரைராசு, "வைரக்கண்ணு, ஆத்தா பால் குடிக்கக் கூப்புடுதுப்பா"ன்னான். கண்டக்டர், "அம்மாவும் புள்ளையும் ஏறுங்க, இல்லேன்னா எறங்குங்க"ன்னாரு. இவரு ஒரு அடி வச்சா அது ரெண்டு அடி வைக்குது. பஸ்ஸே சிரிச்சுக்கிட்டுக் கிளம்பிப் போச்சு.

வீட்டுக்கு வந்து, வெள்ளை வேட்டியோட கொட்டாயில சாணி மேலேயே உக்காந்துட்டாரு. மூக்கைப் பொத்தல. குட்டி பால் குடிக்குது, சீமாட்டி இவரு காதை நக்குது. எனக்குச் சந்தோசம் தாங்கல, மறைக்கவும் இல்ல.

"கயிறு எப்படி அவுந்துச்சு அம்சம்?"

"நீங்க போட்ட முடிச்சா இருக்கும்."

எங் கையைப் புடிச்சு இழுத்து, விரலை மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அத்தர் இன்னும் போகல. சட்டைப் பையிலேருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அதே கையில வச்சாரு.

"உள்ள வையி"ன்னாரு.

வச்சிருக்கேன். எங்கேன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.