சிவப்புத் தட்டில் நல்ல குப்பிகள்

அந்த அறையில் மூன்று ஸ்டூல்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பளீரென்று எரியும் விளக்கு, அதற்குக் கீழே பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒரு பலகை. ஊசி மருந்துக் குப்பியைக் கழுத்தில் பிடித்து எடுத்து ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். வெள்ளைக்கு முன்னால் பிடித்தால் கறுப்புத் தூசி தெரியும். கறுப்புக்கு முன்னால் பிடித்தால் நூலிழை தெரியும். சுத்தமாக இருந்தால் நகர்ந்துகொண்டே இருக்கும் பெல்ட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடது கைப் பக்கத்துச் சிவப்புத் தட்டில். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை இதுதான் வேலை.

வலது ஸ்டூலில் மிக்சி. அவள் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்பதால் அந்தப் பெயர். பதிலுக்கு அவளும் எல்லோருக்கும் பெயர் வைத்தாள். இடது ஸ்டூல்காரி ஒரு குப்பியைப் பார்த்து முடித்த பிறகும், பார்த்தது சரிதானா என்று இன்னொரு முறை பார்ப்பாள். அவளுக்கு நிதானம் என்று பெயர். நடு ஸ்டூலில் இருந்தது மிக்சியின் கூடப்பிறந்த தங்கை. நடக்கவே தெரியாது, எங்கே போனாலும் ஓட்டம்தான். அவளுக்கு அவசரம் என்று பெயர்.

அவசரம் செத்துப் பதினொரு மாதம் ஆகிறது. பெண் குழந்தை பெற்று, ஒரு மாத லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய ஐந்தாம் நாள், சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். ரத்தக் கொதிப்பு என்றார்கள். குழந்தையை மிக்சி வளர்க்கிறாள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் யாரையும் பார்த்து "அவசரப்படாதே" என்றுகூடச் சொல்வதில்லை. அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் நாக்கு தானாகச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அரை மணிக்கு ஒரு தடவை கண்ணை மூடி ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நிதானத்துக்கு அந்த ஐந்து நிமிடம்தான் ஆகாது. கண்ணை மூடினால் விளக்கின் வெள்ளைச் சதுரம் இமைக்குள் அப்படியே நிற்கும். அதன் நடுவில் தொப்பி போட்ட ஒரு தலை நிழலாக எழும். வேலை அறையில் எல்லோருக்கும் தொப்பி, எல்லோருக்கும் முகமூடி. வெளியே தெரிவது இரண்டு கண்கள்தான். அதனால் அவசரம் அங்கே வருவதற்கு ஒரு முகம்கூடத் தேவைப்படவில்லை. சில நாள் குப்பியின் வளைந்த கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்து நிதானமே திடுக்கிடுவாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு.

கடைசி மூன்று நாளில் அவசரத்தின் சிவப்புத் தட்டு சீக்கிரமே நிறைந்தது. தட்டு நிறைந்தால் சூப்பர்வைசர் மேடம் வந்து நிற்பார். கண் சரியில்லை என்று எழுதினால் ஒப்பந்தத்தில் இருப்பவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "இந்த ஒரு வாரம் மட்டும் எப்படியாவது பாத்துக்கோடி" என்று அவசரம் கெஞ்சினாள். நிதானம் அந்தத் தட்டிலிருந்து ஒவ்வொரு குப்பியாக எடுத்து, இரண்டு முறை பார்த்தாள். எதிலும் தூசி இல்லை. தூக்கக் கலக்கத்தில் நல்லதைத் தள்ளிவிடுகிறாள் பாவம் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் பெல்ட்டில் வைத்தாள். ஒரு உதவியைச் செய்தோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

அடுத்த மாதம் கம்பெனி நர்ஸ் கேன்டீனில் பெண்களை உட்கார வைத்துப் பேசினார். பிள்ளை பெற்று ஆறு வாரம்வரை கவனமாக இருக்க வேண்டும் என்றார். விடாத தலைவலி. முகத்திலும் கையிலும் வீக்கம். கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல, புள்ளி புள்ளியாகத் தெரிவது. மிக்சி பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நிதானம் உட்கார்ந்தே இருந்தாள். புள்ளி குப்பியில் இல்லை. பார்த்தவளின் கண்ணில் இருந்தது. அந்தக் குப்பிகளைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெல்ட்டில் வைத்தவள் நிதானம்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. மிக்சியிடம் எப்படிச் சொல்வது?

இந்த நிலையில்தான் நடு ஸ்டூலுக்குப் புதுசு வந்தாள். பேக்கிங்கில் நின்று வேலை செய்தவள். பிள்ளை பெற்று முப்பத்திரண்டாம் நாள் திரும்பி வந்தவளை, நிற்க வேண்டாமே என்று இங்கே உட்கார வைத்தார்கள்.

மிக்சி அவளைக் கையில் எடுத்துக்கொண்டாள். தங்கை போன பிறகு அவள் ஆரம்பித்த வழக்கங்கள் சில உண்டு. சாப்பிட்டதும் பத்து நிமிடம் கட்டடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், மதியத்துக்குள் காலியாக வேண்டும். புதுசு உடை மாற்றும் அறையில் பால் எடுக்கும்போது மிக்சி கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வாள்.

"உள்ள யாரு?" என்று வருபவர்கள் கேட்பார்கள்.

"பால் பண்ணை. போயிட்டு அப்புறம் வா."

"அக்கா, மானத்தை வாங்காதீங்க!" என்று உள்ளேயிருந்து புதுசு கத்துவாள்.

"மானத்தை அப்புறம் பாத்துக்கலாம். பாலு எவ்வளவு வந்திச்சு, அதைச் சொல்லு."

நடக்கும்போது மிக்சியும் புதுசும் முன்னால் போவார்கள், நிதானம் பின்னால். கட்டடத்தின் பின்புறம் கம்ப்ரசர் அறை தாண்டும் இடத்தில் சுவர் காலடிச் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அங்கே வந்ததும் நிதானத்துக்குத் தன் பக்கத்தில் யாரோ ஓட்டமும் நடையுமாக வருவதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள். வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பாள், போகிறவள் போகட்டும் என்று.

புதுசு வந்த ஆறாம் நாள், காலை ஒன்பது மணி இருக்கும்.

"அக்கா, இன்னைக்கு வந்த மருந்துல தூசி ஜாஸ்தி, இல்ல?"

நிதானம் தன் சிவப்புத் தட்டைப் பார்த்தாள். ஒரே ஒரு குப்பி. புதுசின் தட்டைப் பார்த்தாள். வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அவள் கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். வெள்ளைக்கு முன் பிடித்தாள், கறுப்புக்கு முன் பிடித்தாள். சுத்தம். இன்னொன்று. சுத்தம். மூன்றாவதைக் கையில் எடுத்தாள். பதினொரு மாதமாக இல்லாததையெல்லாம் பார்க்கிற கண் இது, இதை எப்படி நம்புவது என்று தோன்றியது. எழுந்து போய் முகம் கழுவி வந்து மறுபடி பார்த்தாள். அதுவும் சுத்தம்.

"தலை வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ராத்திரி பூரா பிள்ளை தூங்கல. தலை வலிக்காம என்ன பண்ணும்?"

"கண்ணுல ஏதாவது பறக்குற மாதிரி..."

"நல்லாத்தான் இருக்கு." புதுசு திரும்பினாள். முகமூடிக்கு மேலே இமைகள் உப்பியிருந்தன. "அக்கா, மேடம்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. அடுத்த வாரம் என் ஒப்பந்தப் பேப்பர்ல அவங்க கையெழுத்துப் போடணும். எங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல. இந்த ஒரு வாரம் மட்டும் எப்படியாவது பாத்துக்கோங்க."

அவசரம் கேட்டதேதான், 'டி' மட்டும் இல்லை. நிதானம் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்கள், ஒரு தொப்பி, பின்னால் வெள்ளை விளக்கு. யார் கேட்டது என்று ஒரு கணம் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கை தானாகவே நகர்ந்தது. தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்துப் பெல்ட்டில் வைத்தது. பழகிய கை. வழி தெரிந்த கை. குப்பி லேசாக ஆடிக்கொண்டு பேக்கிங் பக்கம் போயிற்று.

சொல்லி, இது வெறும் தூக்கக் கலக்கமாக இருந்தால் ஒரு பிள்ளைக்காரியின் வேலை போகும். சொல்லாமல் இருந்தால், அவசரத்துக்குப்போல மூன்று நாள். சொன்னால் இன்னொன்றும் உண்டு. மிக்சி கேட்பாள். உனக்கு எப்படித் தெரியும் என்று.

மேசைக்கு அடியில் பெல்ட்டை நிறுத்தும் பொத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் நிதானம் அதைத் தொட்டதில்லை. இப்போது உள்ளங்கையால் அழுத்தினாள்.

பெல்ட் நின்றது. மணி கத்தியது. சூப்பர்வைசர் மேடம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யார் நிறுத்தினது?"

"நான்தான் மேடம். இந்தத் தட்டுல பதினாலு குப்பி இருக்கு. நான் எடுத்துப் பாத்த எல்லாமே நல்ல குப்பி. இவளுக்கு இல்லாத புள்ளி தெரியுது. தலைவலி இருக்கு. நர்ஸைக் கூப்பிடுங்க."

புதுசு எழுந்துவிட்டாள். "நல்லாயிருப்பீங்களா நீங்க? உங்களை அக்கான்னு கூப்பிட்டேனே!"

"என்னடி ஆச்சு உனக்கு?" மிக்சியின் குரல் மணிச் சத்தத்துக்கு மேலே போயிற்று. "பச்சை உடம்புக்காரிடி! ரெண்டு குப்பியைத் தப்பாத் தள்ளினா குடியா முழுகிப்போகும்? அவ சோத்துல மண்ணைப் போடறியே!"

நிதானம் மேடம் பக்கம் திரும்பினாள். "நர்ஸைக் கூப்பிடுங்க" என்று மட்டும் திரும்பச் சொன்னாள். மேடம் தயங்கினார். நிதானம் அவரைத் தாண்டிப் போய்த் தானே சுவர் போனை எடுத்தாள்.

நர்ஸ் வந்து புதுசின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். இறக்கினார். மறுபடியும் காற்றடித்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. "வண்டி வரச் சொல்லுங்க" என்றார். அதுவரை கத்திக்கொண்டிருந்த மிக்சி அந்த வார்த்தையைக் கேட்டதும் புதுசின் தொப்பியையும் முகமூடியையும் கழற்றினாள். முகம் முழுக்க வீங்கியிருந்தது. காலையிலிருந்து அந்த முகத்தை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே சேர்த்து ஊசி போட்டார்கள். மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்து, வலிப்பு வருவதற்கு முன்னால் கொண்டுவந்துவிட்டீர்கள், இனி கொதிப்பு இறங்கிவிடும் என்றார். புதுசின் கணவன் மருந்து வாங்க ஓடினான். அவன் தூக்கிவந்த கைக்குழந்தையை மிக்சி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நிதானம்.

"அந்தப் பேப்பர் விஷயத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் மிக்சி. "மேடம் காதுல ரத்தம் வர்ற வரைக்கும் பேசுவேன். இந்த வாயை வேற எதுக்கு வச்சிருக்கேன்?" குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "உன்னைத் திட்டிட்டேன்டி. மனசுல வச்சுக்காதே" என்றாள்.

"பரவாயில்லக்கா."

"எப்படிடி கண்டுபிடிச்சே? அன்னைக்கு நர்ஸ் பேசினப்ப நான் பாதியில போயிட்டேன். நீ முழுசும் கேட்டியா?"

"கேட்டேன்."

அதோடு முடிந்திருக்கும். மிக்சியே கதவைத் திறந்து வைத்திருந்தாள், வெளியே போனால் போதும். நிதானம் தன் கைகளைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடியே பாத்திருக்கேன்க்கா. உங்க தங்கச்சி தட்டுல. முதல் நாள் ஆறு குப்பி. அடுத்த நாள் பதினொண்ணு. மூணாம் நாள் இருபத்தொண்ணு. எல்லாம் நல்ல குப்பி. எல்லாத்தையும் நான்தான் எடுத்து பெல்ட்டுல வச்சேன். மேடம் கண்ணுல படாம. அவ கேட்டா, நான் செஞ்சேன்."

மிக்சி பேசவில்லை. நிதானம் அவளை அறிந்த இத்தனை காலத்தில் அப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை. தாழ்வாரத்தில் தள்ளுவண்டிகள் போயின. ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டே அவர்கள் கால்வரை வந்து, காலைத் தூக்கச் சொல்லி, துடைத்துவிட்டுப் போனான்.

"அவ முகம் வீங்கியிருந்திச்சு" என்றாள் மிக்சி கடைசியில். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வீட்டுல முகமூடி கிடையாதில்ல. நான் பாத்தேன். பிள்ளை பெத்த பூரிப்புடி, கண்ணு பட்டுடும்னு சொல்லி நெட்டி முறிச்சேன். தலைவலிக்குதுன்னா. தைலம் தேய்ச்சுவிட்டேன். நீயாவது குப்பியைத்தான் பாத்தே."

நிதானம் அவள் கையைத் தொடப் போனாள். மிக்சி கையை நகர்த்திக்கொண்டாள். கோபமாக இல்லை. இப்போது வேண்டாம் என்பதுபோல.

"என் தங்கச்சி பாப்பா ஒரு நாள் கேப்பா. எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு. என் பங்கை நான் சொல்லிடுவேன். உன் பங்கை நீதான் வந்து சொல்லணும். எங்க இருந்தாலும் வரணும்."

"வர்றேன்க்கா."

"இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல அவ. பிடிச்சுப் பிடிச்சு நிக்கறா." மிக்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இதுக்குப் பசிக்குது. பால் குடுக்கலாமான்னு உள்ள கேட்டுட்டு வர்றேன்."

கதவு ஆடி மூடியது. நிதானம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, பாப்பாவிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தாள். உங்கம்மா பக்கத்துல நான் உட்கார்ந்திருந்தேன். அதுவரை சரியாக இருந்தது. அதைத் திரும்ப ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வாக்கியம் வரவில்லை.