மொட்டைமாடி இன்டர்வியூ

ரெட்டிபாளையத்தில் தென்றலின் வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்காது. அதனால் பெங்களூர் கம்பெனியின் மெஷின் லேர்னிங் இன்டர்வியூவுக்காக மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். அம்மா கலியம்மாள் கொடியில் கிடந்த துணிகளைப் பக்கத்துச் சிமெண்டு ஆலைத் தூசி போக உதறிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டவர் பாலாஜி. சீனியர் டேட்டா சயின்டிஸ்ட் என்று தன்னை இரண்டு முறை அறிமுகப்படுத்திக்கொண்டார். அரியலூர்ப் பக்கம் என்றதும், "ஓ, அங்கல்லாம் இன்டர்நெட் வந்துடுச்சா?" என்று பரிவோடு விசாரித்தார்.

"போன வாரந்தான் சார் வந்துச்சு."

"வெரி குட்," என்றார். நம்பிவிட்டார்.

பிறகு கேள்வி. கற்பனையாக ஒரு வங்கி. கடனைக் கட்டாமல் ஓடப்போகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு மாடல். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்கிறது. ஆனால் ஓடுகிற ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை. ஏன்?

"நூறு பேர்ல ஒருத்தர்தான் ஓடுறவர்னா, எல்லாரையும் நல்லவர்னு சொன்னாலே தொண்ணூத்தொம்பது வந்துரும் சார். மாடல் அதைத்தான் பண்ணுது. ஓடுனவங்களுக்கு எடையைக் கூட்டி மறுபடி பழக்கணும்."

கீபோர்டு தடதடத்தது. "மெதுவா சொல்லுங்க. எந்த ஃபைல்ல மாத்தணும்?"

கற்பனை வங்கிக்கு ஃபைல் ஏது என்று அவள் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல்: "பாலாஜி, சரியாச்சா? கிளையன்ட் லைன்ல இருக்காங்க!"

தென்றலுக்குச் சுருக்கென்றது. ராப்பகலாகப் படித்தது இவர் வேலையைப் பார்த்துக் கொடுக்கவா?

"மீதியை வேலைக்குச் சேந்துட்டுச் சொல்றேன் சார்."

"ஹலோ... ஹலோ... கேக்கல," என்றார். பெங்களூரில் திடீரென்று சிக்னல் போய்விட்டது.

சாயங்காலம் மெயில் வந்தது. நடைமுறை அனுபவம் போதாதாம். கனவுகளைத் தொடர வாழ்த்தாம். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் போய்விட்டு, பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறியிருந்தாள். போன் அடித்தது.

"தென்றல், தங்கச்சி மாதிரி நினைச்சுக் கேக்குறேன். அந்த எடை... எவ்வளவு வைக்கணும்?"

"எனக்குத்தான் அனுபவம் பத்தாதே சார்."

"அது ஹெச்.ஆர். அனுப்புனதும்மா. நான் உனக்கு அண்ணன் மாதிரி."

"அண்ணன்னா சீரோட வாங்க. தேங்கா பழத்தோட ஆஃபர் லெட்டரையும் தட்டுல வச்சு எடுத்துட்டு வாங்க. வூடு ரெட்டிபாளையந்தான்."

மறுமுனை கட்டானது. தென்றலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யாருடி?" என்றாள் கலியம்மாள்.

"அண்ணனாம்."

"எனக்குத் தெரியாம எவன்டி அது அண்ணன்?" என்று கலியம்மாள் சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.