ஆறு வெள்ளிக்கிழமைக் கோடுகள்

கஜானன் பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான், தாளை வைத்து எழுத மேசை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"இதிலை வைச்சு எழுதன்" என்று தில்லையம்பலம் மாமா படகுத் தூக்கியைக் காட்டினார்.

இரண்டு தூண்களுக்கு நடுவே, எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் இரும்பு மேடை அது. தை மாதம் ஏற்றிய படகொன்று இன்னும் அதன்மேல் இருந்தது. மேடையின் விளிம்பு கஜானனின் நெஞ்சு மட்டத்தில் நின்றது. கீழே, தண்ணீருக்கு மேல் கட்டிய பலகையில் நின்று யாரோ படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். போன வியாழன் வரை அது அப்பாவின் வேலை.

"ஆர் மாமா கீழை?"

"பிரயன். மொரிசியஸ் பெடியன். நேற்றுத்தான் எடுத்தவ."

வேலைக்கு எடுத்தவள் படகுப் பட்டறைக்காரி ஸ்ரெல்லா. கறுப்புக் கண்ணாடி போட்டு அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடி மிகவும் ஒத்துழைத்தது. அவளுடைய கைப்பையில் இன்னொரு தாள் இருந்தது: கஜானனின் அம்மா அம்பிகை தன் வீட்டில் வேலை செய்கிறாள் என்ற கடிதம். அது இல்லாமல் அம்மாவுக்கு இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ இல்லை. விண்ணப்பிக்க இந்த மாதக் கடைசிதான் முடிவு. கஜானன் கையெழுத்துப் போட்டால் கடிதம் கை மாறும். மூன்று மணிக்கு அப்பாவின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்கு முன் முடித்தால் எல்லாருக்கும் வசதி.

"இந்தத் தாளிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"கொப்பர் தன்ர கவனக்குறைவால ஏணியால விழுந்தவர் எண்டு. போடு மருமோன். அந்தாள் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லப்போகுதே?"

காலையில் அப்பாவைக் குளிப்பாட்டியவன் கஜானன்தான். நெஞ்சில், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை, அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு. ஏணி அவ்வளவு நேர்த்தியாக அடிக்குமா என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

தாளை மேடையில் வைத்துக் குனிந்தபோது தூண் கண்ணுக்கு நேரே வந்தது. அதில் திருநீற்றுக் கோடுகள், மும்மூன்றாக. அப்பா வெள்ளிக்கிழமைகளில் குழைத்துப் பூசுவார், எப்போதும் மேடை விளிம்புக்கு நேராக. "இரும்புக்கும் சாமியோ அப்பா?" என்று ஒருமுறை பகிடி பண்ணினான். "இது இறங்குதடா. சிஞ்ஞோரா ஸ்ரெல்லாட்டைச் சொன்னனான், நாளைக்கு நாளைக்கு எண்டுறா. கடிதத்தைத் தரட்டும், பிறகு பாப்பம்."

ஆறு வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு விரல் கீழே. ஏழாவது வெள்ளி அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"மாமா, மேடையைத் திரும்பவும் ஏத்தினவையோ?"

"ஓம், சனிக்கிழமை. பழைய உயரத்துக்கே. ஒரு பிழையும் இல்லையாம்."

பழைய உயரம் முதல் கோடு. இன்று செவ்வாய். கஜானன் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தான். மூன்று நாளில் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

கீழே பிரயன் விசிலடித்தான்.

"என்னடா அளக்கிறாய்? கொம்மாவை யோசி."

கஜானன் யோசித்தான். அம்மா இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். கடிதம் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்பாள். பிறகு அதைக் கேட்டதற்காக அழுவாள்.

மூடியைப் போட்டுப் பேனாவைத் தாளின்மேல் வைத்தான்.

"பிரயன்!" இத்தாலிய மொழியில் கத்தினான். "வெளியில வா! சாமானை விட்டிட்டு வா!"

சுரண்டும் சத்தம் நின்றது. பிரயன் ஏணியால் ஏறி வந்தான், தலைமயிரெல்லாம் சிப்பித் துகள். என்ன என்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தான். ஸ்ரெல்லா கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் காய்ந்திருந்தன.

காற்று அசையவில்லை.

பேனா தாளைவிட்டு உருண்டது, மெல்ல, மேடை சரிந்த பக்கமாக, படகை நோக்கி. மாமா பிடிக்கக் கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார். அது மேடையின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே போய், கொஞ்சம் நின்று, பிரயன் சற்றுமுன் நின்ற பலகையில் விழுந்தது.