ஆயிரம் மடங்கு

நான்காவது முறையும் கொம்பு தனியாகத்தான் நின்றது. திரையில் லட்சணமாக இருந்த 'மெதுவாகச் செலுத்தவும்', பிடிஎஃப் ஆனதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் இரண்டு காலிக் கட்டம் என்று சிதறிக் கிடந்தது. கோட்டக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை அழுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிகளுக்கு விளக்கப்படம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. நாள் முழுக்கக் கோடு இழுப்பதால் அச்சகத்தில் வைத்த பெயர்தான் கோட்டக்கா. இருபது வருஷத்தில் அவளுக்கே பழகிவிட்டது.

இதற்கு அவளிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. தமிழ் வரிகளை மட்டும் பிடித்து, எழுத்தை உருவமாக மாற்றிவிடுவாள். அப்புறம் அது எழுத்தல்ல, வெறும் கோடு, உடையாது. எண்களையும் அவற்றோடு வரும் அளவுக் குறிகளையும் தொடமாட்டாள். டாக்டர் கடைசி நிமிஷத்தில் மாற்றச் சொல்வது எண்களைத்தான். அதோடு, எண்கள் ஒருநாளும் உடைந்ததில்லை.

"வந்துடுச்சாம்மா? மெஷின் சும்மா நிக்குது," என்றார் முதலாளி, கதவுக்கு வெளியிலிருந்தே.

"வந்துடுச்சு சார்."

அனுப்பப் போனவள் கை நின்றது. அசதியில் எங்கோ அலைந்த கண், வலது மூலையில், பிறந்த குழந்தைக்கான மருந்து அளவில் விழுந்திருந்தது. டாக்டர் தந்த தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கால் நீண்ட மைக்ரோ குறி இருந்தது. இங்கே ஆங்கில எம். மூலப் படத்தைத் திறந்தாள். அதில் குறி சரியாக இருந்தது. அது ஏதோ தனி எழுத்துருவிலிருந்து வந்த குறி. பிடிஎஃப் ஆகும்போது அந்த எழுத்துரு கிடைக்காமல் போய், அதே இடத்தில் எம் வந்து உட்கார்ந்துவிட்டது. மைக்ரோகிராம் மில்லிகிராமாகிவிட்டது. ஆயிரம் மடங்கு.

போன மாதம் இதே படத்தின் சின்னப் பிரதியை இதே கைவைத்தியம் பார்த்துத்தான் அனுப்பியிருந்தாள். அது ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டுச் சுவரில் இருக்கிறது. அந்த வார்டில்தான் அவள் நாத்தனார் நர்ஸ்.

கோட்டக்கா போன் போட்டாள்; மூன்றாவது மணியில் நாத்தனார் எடுத்தாள். "சொல்லுங்க அண்ணி, கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சா?"

"சுவத்துல நான் போட்ட படம் இருக்குல்ல, மருந்து அளவுகிட்ட என்ன எழுத்து இருக்குன்னு பாரு."

செருப்புச் சத்தம் நடந்து போய் நின்றது. "எம்ஜி. ஏன்... அய்யோ."

"கழட்டு."

"ஹெட் நர்ஸைக் கேக்காம எப்படி அண்ணி?"

"கழட்டிட்டுக் கேளு."

டேப் கிழிபடும் சத்தம் நாலு தடவை கேட்டது.

முதலாளியிடம் சொன்னாள். அவர் வேர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். "கம்ப்யூட்டர் கோளாறுன்னு போடும்மா. பொய்யில்லையே." பொய்யில்லைதான். அவள் அதையும் எழுதி, அடுத்த வரியில் 'அனுப்பும் முன் எண்களை நான் சரிபார்க்கவில்லை' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் படித்தார். மடித்து வைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நாத்தனார் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"ரிஜிஸ்டர் முழுக்கப் பாத்தாச்சு. எந்தக் குழந்தைக்கும் தப்பாப் போகல. எல்லாரும் டாக்டர் சீட்டைப் பாத்துத்தான் போட்டிருக்காங்க."

கோட்டக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தாநாளு புதுசா வந்த பொண்ணு ஒருத்தி, படத்துல அளவு ரொம்ப ஜாஸ்தியா இருக்கேன்னு கேட்டுட்டு வந்தா. படத்தை ஒழுங்காப் படிக்கக்கூடத் தெரியாதான்னு எல்லார் முன்னாடியும் திட்டு விழுந்துச்சு. அழுதுட்டா."

"யார் திட்டினது?"

எதிர்முனையில் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ அதைச் சமாதானப்படுத்தினார்கள்.

"நான்தான் அண்ணி," என்றாள் நாத்தனார். "எங்க வீட்டுப் படம், அதுல தப்பு இருக்காதுன்னு."

போனை வைத்த பிறகு கோட்டக்கா மறுபடி படத்தைத் திறந்து, எண்களை ஒவ்வொன்றாகப் பிடித்து டாக்டரின் தாளோடு ஒப்பிடத் தொடங்கினாள். மொத்தம் அறுபத்திரண்டு. பதினேழாவதில் இருக்கும்போது நாத்தனாரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வெறும் சுவர். டேப்போடு பெயிண்டும் உரிந்து நாலு மூலையிலும் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. நடுவில், ஏதோ படிவத்தின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால், நாத்தனாருடையதல்லாத சாய்ந்த கையெழுத்தில், மைக்ரோகிராம் என்று முழுசாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. தாளின் ஒரு மூலையை, இன்னும் டேப் ஒட்டாமல், யாரோ ஒரு இளம்பெண்ணின் விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.