கல்புளிச்சியும் நாற்பது தொப்பிகளும்

“வேரோட பிடுங்கச் சொன்னது யாருடி? அதை மட்டும் சொல்லு.”

“கத்தாதேக்கா. கீழ தையல்காரர் மிஷினை நிறுத்திட்டு காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்காரு.”

அது உண்மைதான். மூன்றாம் மாடியில் அக்காவும் தங்கையும் வாயைத் திறந்தால் தரைத்தளத்துத் தையல் மிஷின் தானாக நின்றுவிடும். அன்றைக்கு அவர் கையில் இருந்த பேண்டுக்கு ஒரு கால்தான் தைத்து முடிந்திருந்தது. அதன் சொந்தக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரும் அவசரப்படவில்லை.

அக்காவுக்கு எங்கள் தெருவில் பத்தியக்கா என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்தியச் சாப்பாடு ஆக்குகிறவள். உப்பு கூடாது, காரம் கூடாது, எண்ணெயைக் கண்ணில் காட்டக் கூடாது. வேளைக்கு இருநூறு தட்டு. ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு வாய் ருசி பார்த்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒன்றுமே இல்லாததை இருபத்திரண்டு வருஷம் ருசி பார்த்த நாக்கு என்ன ஆகும்? செத்துத்தான் போகும். எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் அவளுக்குக் கறியும் காகிதமும் ஒன்று. வீட்டுக்காரர் கப்பல் வேலை. வருஷத்துக்கு இரண்டு மாசம் வந்துபோகிற விருந்தாளி. அவர் வாங்கிவரும் மிட்டாய்கூட மெழுகாட்டம் இருக்கிறது என்பாள்.

செத்த நாக்கை எழுப்ப அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், துருப்பிடித்த தண்டவாளத்து ஜல்லிக்கு நடுவே படர்ந்து கிடக்கும் ஒரு செடி. தடித்த குட்டி இலை, கடித்தால் கண்ணோரம் சுருங்குகிற புளிப்பு. அக்கா தங்கையின் ஆட்கள் அதைக் கல்புளிச்சி என்பார்கள். இந்தக் கட்டடங்களும் தண்டவாளமும் வருமுன்னே இந்த மண்ணில் இருந்த ஆட்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களைக் களைதின்னி என்று கூப்பிட்டோம். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் இப்போது அதே களைக்காக வரிசையில் நிற்கிறார்கள் என்பது தனிக்கதை.

அந்த வரிசையை நிற்கவைத்தவள்தான் தங்கை. பள்ளிக்கூட டீச்சர். தெருவில் மைக் டீச்சர் என்றால்தான் தெரியும். நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், பேச ஆரம்பித்துவிடுவாள். ஆறு மாசமாக அவள் பேச்செல்லாம் ‘நம் மண்ணின் உணவு’. ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேலியோரம், வாய்க்காலோரம் நடப்பாள். எல்லோருக்கும் தொப்பி, தோள்பை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கூடவே ஒரு போட்டோக்காரர்; செடியை எடுப்பதாகச் சொல்லி டீச்சரைத்தான் எடுப்பார். பேச்சு தங்கையுடையது, சமையல் அக்காவுடையது. ஆறு நாள் அண்டா முன்னால் நின்றவள் ஏழாம் நாளும் நிற்பாள். மாட்டேன் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமில்லையா?

ஆனால் கூட்ஸ் ஷெட்டு இடத்தை மட்டும் அக்கா தங்கையிடம் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம் அது. செடி இருக்கும் இடத்தை வாயால் சொல்வதில்லை; கூட நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கல்புளிச்சியைக் கத்தி தொடக் கூடாது. நகத்தால் நுனியைக் கிள்ள வேண்டும், மூன்று கொடி தாண்டி ஒரு கொடியில். வேர் போனால் அந்த இடத்தில் மறுபடி தலைகாட்டவே நாலு வருஷம் ஆகும்.

ஒரு ஞாயிறு அக்கா பையோடு போவதைப் பார்த்துத் தங்கை பின்தொடர்ந்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அக்காவுக்கு டியூட்டி. அன்றைக்கு நாற்பது தொப்பிகள் ஜல்லியில் இறங்கின. அதற்கடுத்த ஞாயிறு அக்கா போய்ப் பார்த்தபோது ஜல்லிக்கு நடுவே குழி குழியாக இருந்தது. ஒரு நுனி இல்லை. அங்கே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டதுதான் முதல் கேள்வி.

தங்கை முதலில் மழுப்பினாள். ஆர்வத்தில் யாரோ பிடுங்கியிருப்பார்கள் என்றாள். பிறகு, நாலு பேருக்குப் போய்ச் சேருவது நல்லதுதானே என்றாள். அக்கா கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் தங்கை, “நான்தான் சொன்னேன், போதுமா? நம்ம வீட்ல கீரை வேரோடதானே வரும்” என்று கத்தினாள். கத்திவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் விருந்து என்பதை ஞாபகப்படுத்தினாள். தொப்பிகள் பறித்ததைத் தொப்பிகளே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தலைமையாசிரியை வருகிறார், கல்புளிச்சி என்று அட்டை எழுதி ஒட்டியாயிற்று. அதனால் கடையில் பதினைந்து கட்டுப் பசலையும் ஒரு பை எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்திருக்கிறாள். அக்கா கொஞ்சம் ஆக்கிக் கொடுத்தால் போதும்.

அக்கா அந்தக் கட்டுகளைப் பிரித்தாள். பிறகு கத்தியை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். சண்டை முடிந்ததென்று கீழே மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மண்டபத்தில் ஆளாளுக்குத் தட்டை வழித்தார்கள். முன்னோர்களின் புளிப்பு இதுதான் என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். சமைத்தவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அக்காவை மேடையில் ஏற்றினார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்தாள்.

“இது கடைக் கீரைங்க. எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கு. நிஜமான செடி இப்ப இல்ல.”

சபை ஒரு நொடி பார்த்தது. அப்புறம் கைதட்டியது. என்ன அடக்கம், என்ன நகைச்சுவை என்றார் தலைமையாசிரியை. அக்கா மறுபடி சொல்ல வாயெடுப்பதற்குள் போட்டோக்காரர், கொஞ்சம் சிரியுங்கள் என்றார். அவள் இறங்கி வந்துவிட்டாள். தங்கையைத் தவிர வேறு யாரிடமும் எதையும் இரண்டாம் தரம் சொல்கிற சக்தி அவளிடம் இல்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் தங்கை அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்டா தேய்த்து யாரும் பார்த்ததில்லை. இடுப்புச் சேலையெல்லாம் நனைந்திருந்தது.

“மானத்தை வாங்கிட்டே.”

“யாரும் நம்பலியேடி.”

“நான் நம்பினேன்.” தங்கை அண்டாவைத் திருப்பிப் போட்டாள். “அம்மா உன்னைத்தானே கூட்டிட்டுப் போவாங்க? நான் வீட்ல தொட்டி முன்னால உக்காந்து அலசிக்கிட்டே இருப்பேன். எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் குப்பைக்கீரை. அது வேரோடதான் வரும். கல்புளிச்சி எப்படி இருக்கும், எங்க இருக்கும், எப்படிக் கிள்ளணும்னு என்னிக்காவது ஒரு வார்த்தை சொன்னீங்களா ரெண்டு பேரும்?”

அம்மா இருந்தவரை தங்கைக்குச் சளி பிடிக்கும் என்று விட்டுவிட்டுப் போவார்கள். அம்மா போன பிறகு? விடிகாலையில் தனியாக நடக்கிற அந்த இரண்டு மணி நேரத்தை யாரோடும் பங்குபோட அக்காவுக்கு மனசில்லை, அவ்வளவுதான் காரணம். இதைத் தங்கையிடம் சொல்லவும் இல்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அண்டாவின் அடுத்த விளிம்பைத் தேய்த்தாள்.

அதற்கப்புறம் ஆறு ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள், தொப்பி இல்லாமல். கல்குவாரிப் பக்கம், பாலத்தடி, மூடிப்போன செங்கல் சூளை. எங்கேயும் இல்லை. ஆறாம் ஞாயிறு நீரேற்று நிலையத்துப் பின்சுவர் இடிபாட்டில் இரண்டே கொடி கிடைத்தது. அக்கா தங்கையின் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று வைத்துக் காட்டினாள். மூன்றாவது கொடியே இல்லாததால் கிள்ளாமல் எழுந்து வந்தார்கள். வரும் வழியெல்லாம் முட்டிவலியைப் பற்றித்தான் பேச்சு.

மறு வருஷம் மைக் டீச்சருக்கும் போட்டோக்காரருக்கும் கல்யாணம் ஆயிற்று. மாற்றல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் துறைமுகப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே அவள் செடியைப் பற்றிப் பேசுவதில்லையாம், நம்புகிறவர்கள் நம்பலாம். பத்தியக்கா மூன்று வருஷம் முன்கூட்டியே வேலையை விட்டாள். நீரேற்று நிலையத்துக்கு அடுத்த தெருவில், தண்ணீர்க்குழாய் சரியாக வராத ஒரு வீட்டுக்குக் குடிபோனாள். கப்பல்காரர் வந்து பார்த்துவிட்டு, இங்கே என்ன இருக்கிறதென்று வந்தாய் என்று கேட்டாராம். நாலாவது கொடி வரட்டும், சொல்கிறேன் என்றாளாம். தையல்காரர் மகனோடு வெளியூர் போய்விட்டார். மூன்றாம் மாடிக்குப் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருக்கிறது. சண்டை போடுகிறார்கள், ஆனால் குசுகுசுவென்று. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.