முதுகில் ஒரு பச்சை வெளிச்சம்

நான் வெஸ்ட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாலே என் கணவர் ஹைதருக்குச் சிரிப்பு வந்துவிடும். பட்டாளத்துக்காரர்கள் போடுகிற மாதிரியான வெஸ்ட் அது. முன்னும் பின்னும் வரிசை வரிசையாக நாடா தைத்திருக்கும். கயிறு, கத்தி, தண்ணீர்ப் போத்தல் என்று எதை வேண்டுமானாலும் அதில் செருகலாம். நான் செருகுவது ஒளிக்குச்சிகளை. பேனா அளவு பிளாஸ்டிக் குச்சிதான். வளைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல் உடைந்து மருந்து கலந்து, பேட்டரி இல்லாமலே மணிக்கணக்கில் எரியும். பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று நான் அடுக்கிக்கொண்டிருந்தால், எந்தக் கல்யாணத்துக்கு லைட் கட்டப் போகிறாய் என்று கேட்பார். அவர் பைப் வேலை செய்கிறவர். அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டியில் கிடக்கும் குப்பையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வாயை மூடிக்கொள்வார்.

ஆனால் எனக்கு அது விளையாட்டு இல்லை. எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் மெஷின். அதற்கு ஈரம் ஆகாது. மழை வந்தால் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். அதற்குப் பிறகு இடி விழுந்தாலும் எனக்கு நெஞ்சில்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடிமலையில் நான் வழி தவறினேன். தொழிற்சாலைத் தோழிகளோடு ஏறியவள், போட்டோ எடுக்கிறேன் என்று பின்தங்கி, மழையில் தப்பான பாதையில் இறங்கிவிட்டேன். ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். தேடி வந்தவர்கள் என் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே, விசில் ஊதிக்கொண்டே, அதே பாறைக்கு மேலே நடந்து போயிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. விடிந்த பிறகுதான் கிடைத்தேன். அந்தத் தேடல் குழுவில் இருந்த மோகனா ஆஸ்பத்திரிக்கு வந்து, உன்னைத் தாண்டித்தான் போனோம் என்று சொல்லி அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மயங்கிக் கிடக்கிறவன், காது கேட்காதவன், ஆற்றோரம் ஒதுங்கினவன், இவர்களையெல்லாம் கூப்பிட்டே தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்? கண்ணால் தேட ஒரு ஆள் வேண்டாமா? அந்தக் குழுவில் நானே சேர்வது என்று கட்டிலில் படுத்தபடியே முடிவு செய்தேன்.

குழுவின் தலைவர் சாதிக் அண்ணன். முன்பு தீயணைப்புப் படையில் இருந்தவர். கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். கயிறு கட்ட, ஸ்ட்ரெச்சர் தூக்க, எல்லாப் பயிற்சியும் எனக்குக் கொடுத்தார். ஆனால் நிஜமாகவே யாராவது காணாமல் போனால் மட்டும் என்னை அடிவாரத்தில் நிறுத்தி, திரும்பி வருகிறவர்களுக்கு டீ ஊற்றச் சொல்வார்.

"மழையில உனக்குக் காது இல்ல, ஃபஸீலா. முன்னால ஆபத்துன்னா உன்ன நான் எப்படித் திரும்பக் கூப்புடுவேன், சொல்லு?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் கூடுதலாக எரிச்சல் வந்தது.

அந்தக் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் குச்சிகள். முதுகில் பச்சை எரிந்தால் என் பின்னால் வரலாம். சிவப்பு எரிந்தால் யாரும் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. இரண்டையும் கை எட்டும்படி தோளுக்குப் பின்னால் செருகினேன். அவசரத்தில் கிழித்துக்கொண்டிருக்க முடியாது என்று மேலே சுற்றியிருக்கும் ஈயத்தாளையும் உரித்துவிட்டேன். நான் விடாமல் நச்சரித்ததில் சாதிக் அண்ணனும் ஒரு நாள் பரீட்சை வைக்க ஒத்துக்கொண்டார்.

பரீட்சை அன்று சாயங்காலம், மலையில் பாதி வழியில் மழை பிடித்தது. மெஷினைக் கழற்றினேன், பச்சையை வளைத்தேன், முன்னால் நடந்தேன். அது உடையும் சத்தம் எனக்குக் கேட்காது, விரலில் தெரியும். பாதையில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்துக்கு அடியில் குனிந்து நுழைந்தபோது முதுகு லேசாக உரசியது. எழுந்து நடந்தேன். காட்டுக்குள் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருத்தரும் இல்லை.

சோதனை என்ற பேரில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ரத்தம் கொதித்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினேன். அந்த மரத்துக்கு அந்தப் பக்கம், குழு முழுவதும் மழையில் நனைந்துகொண்டு, கடையில் வரிசை பிடித்த மாதிரி அசையாமல் நின்றிருந்தது. மோகனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் தோளைக் காட்டினாள். மரத்தில் உரசியதில் சிவப்புக் குச்சி தானாக உடைந்து எரிந்துகொண்டிருந்தது. உடைந்த சத்தத்தை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், என்னைத் தவிர. கத்தியும் இருக்கிறார்கள்.

சாதிக் அண்ணன் சிரிக்கவில்லை. போனை மழைக்கு மறைத்துப் பிடித்து, ஏதோ தட்டிக் காட்டினார். உன் முதுகில் என்ன எரிகிறது என்று உனக்கே தெரியவில்லையே என்று இருந்தது. சிவப்பைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

காரில் திரும்பும்போது மெஷினை மாட்டிக்கொண்டேன். மோகனா ஓட்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். "ஒன்னு கவனிச்சியா? அவர் விசில் ஊதினா நாலு பேரு நிப்பான், ரெண்டு பேரு போய்க்கிட்டே இருப்பான். இன்னிக்கு ஒருத்தன்கூட நகரலயே. அண்ணனும் சேர்ந்துதான் நின்னாரு."

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கியது.

மறுபடியும் மேசையில் வெஸ்ட்டை விரித்தேன். தப்பு எங்கே என்று யோசித்தால் வெட்கமாக இருந்தது. நான் பார்க்க முடியாத இடத்தில் நான் பேசக் கூடாது, அவ்வளவுதான். சிவப்பை முன்னால், நெஞ்சுக்குக் கொண்டு வந்தேன். ஆபத்து என்றால் அதை எரித்து, நானே திரும்பி நின்று காட்டுவேன். முதுகில் பச்சை மட்டும். அதையும் நான் உடைக்க மாட்டேன், எனக்குப் பின்னால் வருகிறவர்தான் உடைக்க வேண்டும். அந்தக் கை பட்டால் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். முதுகு நாடாவை இரண்டு தரம் இழுத்தால் நான் நிற்க வேண்டும். ஈயத்தாளையும் உரிக்கவில்லை. ஒற்றை இழுப்பில் கிழிகிற மாதிரி ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு மட்டும் போட்டேன். உரித்துப் போட்ட பழைய குச்சிகள் ஈரக்காற்றில் மங்கிப் போயிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

குச்சிகள் வளையாமல் இருக்க என்ன செய்வது என்று மட்டும் புரியவில்லை. ஹைதர் எதுவும் கேட்காமல் வெளியே போனார். மெல்லிய வெள்ளை பைப்பை அளந்து வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காதபடி தேய்த்து, துண்டு துண்டாக மேசையில் வைத்தார். ஒவ்வொரு குச்சியும் உள்ளே அழகாக உட்கார்ந்தது, எரிக்கும்போது பாதி வெளியே இழுத்து வளைத்தால் போதும். கல்யாண லைட்டைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து குடும்பத்தோடு மலையேற வந்த தங்கராஜு என்பவரை மதியத்திலிருந்து காணவில்லை என்று செய்தி வந்தது. நான் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய் டீ ஊற்றினேன். அவருடைய மனைவி நவமணி ஒரு ஆண்கள் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இதை எடுக்காமல் போய்விட்டார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்தக் குடையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மழை கொட்டியது. முதலில் போனவர்கள் திரும்பி வந்து, ஓடைப் பள்ளத்தில் வெள்ளம் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினால்கூடக் கேட்கவில்லை, வாக்கிடாக்கியும் உதவாது என்றார்கள். சாதிக் அண்ணன் தலையைக் குனிந்து யோசித்தார். நான் டீக் குவளையைக் கீழே வைத்தேன்.

"அங்க எறங்கினா எல்லாரும் என்னை மாதிரிதான், அண்ணே. எனக்கு அது பழக்கம்."

அவர் என் வெஸ்ட்டைப் பார்த்தார். நெஞ்சில் இருந்த சிவப்பை, பைப் துண்டுகளை, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். முதுகில் ஈயத்தாள் கிழிவதும், குச்சி உடைவதும் எனக்குத் தெரிந்தது. மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டேன்.

நான் முன்னால், அவர் எனக்குப் பின்னால், அவருக்குப் பின்னால் மோகனாவும் இன்னும் இரண்டு பேரும். பொழுது சாய்கிற நேரம். பாதை பிரிகிற இடத்திலெல்லாம், என் பையில் இருந்த உபரிப் பச்சைகளில் ஒன்றை எரித்துக் கிளையில் தொங்கவிட்டோம். ஓடையை நெருங்கியதும் என் கால்களில் தரை அதிர்வது தெரிந்தது. அதற்கு மேல் பாதையே இல்லை, மண் சரிந்து போயிருந்தது. சிவப்பை உடைத்துத் தூக்கிப் பிடித்துத் திரும்பினேன். எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

நின்ற இடத்தில் மற்றவர்கள் கத்தினார்கள் என்று நினைக்கிறேன், வாய் அசைந்தது. நான் அக்கரையை ஒவ்வொரு பாறையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பாறையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. டார்ச்சை அடித்தேன். சட்டை. ஒரு மனிதர் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பட்டும் தலை தூக்கவில்லை. பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

பையிலிருந்து ஒரு பச்சையை எடுத்து, உடைத்து எறிந்தேன். வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போனது. அடுத்ததும் தண்ணீரில் விழுந்தது. மூன்றாவதை எறியும்போது சத்தம் போட்டு பிஸ்மில்லா சொன்னேன், அது அவர் மடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்தார். புரியாமல் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஓடைக்கு இந்தப் பக்கம் என் கையில் எரிந்த சிவப்பைப் பார்த்தார். குச்சியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். மோகனா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மேலே குறுகலான இடத்தில் கயிறு கட்டி அவரை இக்கரைக்குக் கொண்டு வந்தார்கள். கால் சுளுக்கியிருந்தது, குளிரில் நடுங்கினார், வேறு ஒன்றும் இல்லை. இறங்கும்போது சாதிக் அண்ணன் அவரை எனக்கு நேர் பின்னால் நிறுத்தி, அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, என் முதுகைக் கையால் காட்டினார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள் என்று சொல்லியிருப்பார். ஒரு தரம் இதே மலையில் என்னைத் தாண்டிப் போனார்கள். இன்றைக்கு எல்லோரும் என் பின்னால் வந்தார்கள்.

அடிவாரத்தில் நவமணி ஓடி வந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த புருஷனுக்கு மேலே குடையை விரித்துப் பிடித்தார். தங்கராஜு அந்தப் பச்சைக் குச்சியை யாரிடமும் கொடுக்கவில்லை.

நான் டீப் பாத்திரத்துக்குப் போனேன். சாதிக் அண்ணன் குறுக்கே வந்து நின்று, போனில் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அடுத்த தடவைக்கு டீ ஊத்த வேற ஆள் பாக்கணும்."

இரண்டு தரம் படித்தேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது.